பத்துக் குப்பிகள்

ஆய்வின் பெயர் நீளமானது.
சுருக்கிச் சொன்னால்,
காரைக்குடியைச் சுற்றி இருபத்தேழு சுகாதார நிலையம்,
எந்த ஃபிரிட்ஜில் எத்தனை விஷமுறிவுக் குப்பி.

விலங்கியல் துறை உமையாளுக்குக்
கண்ணாடி விரியனின் பல்லும் பருவமும் தெரியும்.
வக்கீல் ஜெரோம் அறக்குழுவில் அமர்ந்து
எங்கள் வாக்கியங்களுக்கு அரைப்புள்ளி வைப்பார்.
நான் கிட்டங்கிக்காரி.
டயர் கம்பெனிச் சரக்கை
எங்கே இறக்கினால் எவ்வளவு மிச்சம் என்று
ஐந்து வருடம் கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்கியவள்.
டயருக்கும் மருந்துக்கும் சமன்பாடு ஒன்றுதான் என்று
முதல் கூட்டத்தில் சொன்னேன்.
தேநீர் வந்துவிட்டதால்
ஒருவரும் மறுக்கவில்லை.

கணினி இரவெல்லாம் ஓடியது.
காலையில் அட்டவணை:
கல்லல் முப்பது, புதுவயல் இருபது,
கீழ மருதேந்தல் பூஜ்யம்.

சரியான பூஜ்யம்தான்.
மூன்று வருடத்தில் ஒரே கடி.
வாங்கி வைத்தால் காலாவதியாகும்.
வீணாவதைக் குறை என்று நான்தான் கேட்டிருந்தேன்.
சொன்னதைச் செய்தது,
எதிர்த்துப் பேசாத வேலைக்காரன் மாதிரி.

அந்த ஒரே கடியைப் பார்க்கப் போனோம்.
வண்டி ஓட்டிய சேவுகப்பெருமாள்
என் வரைபடத்தை வாங்கிப் பார்த்தார்.
"பதினெட்டு கிலோமீட்டர்னு போட்டிருக்கீங்க.
ஐப்பசியில கலுங்கு பாஞ்சா
இந்தப் பாதையே இல்ல மேடம்.
சுத்தி நாப்பத்தொண்ணு."
இங்கே விரியன் அதிகம் கடிப்பதும் ஐப்பசியில்தான் என்று
பின்சீட்டிலிருந்து உமையாள் சொன்னாள்.
என் சமன்பாட்டில்
மாதங்களே இல்லை.

ராக்கு, கரிமூட்டத்துக்குக் கருவை வெட்டுகிறவள்.
கால் இன்னும் தடித்திருந்தது.
சிறுநீரகத்துக்காக மாதம் இரண்டு முறை மதுரை.
ஒப்புதல் படிவத்தை உரக்க வாசித்தேன்:
"எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்,
காரணம் சொல்லத் தேவையில்லை."
"எதுலேருந்து?" என்றாள்.
ஆய்விலிருந்து என்றேன்.
"அதுலேருந்தா," என்றாள்.

மைப்பெட்டியைத் தேடினேன்.
அதற்குள் அவள் அழுத்திவிட்டாள்.
விரலில் கரி இருந்தது.
எந்த மையிலும் ரேகை
இத்தனை சுத்தமாய் விழுந்து நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு நடந்ததைச் சொன்னாள்.
பைக்கில் இரண்டு பேருக்கு நடுவே உட்கார வைத்து,
தண்ணீர் புரளும் பாதையில் பாதி போய்த் திரும்பி,
மறுபடி சுற்றி.
ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துக்
கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் வைத்தார்கள்.
உறைந்திருந்தால் சாய்த்தாலும் அசையாது.
சாய்த்தார்கள்.
"தண்ணி மாதிரி ஓடுச்சு," என்றாள்,
வேறு யாருடைய ரத்தத்தையோ சொல்வது போல.

கிளம்பும்போது கேட்டாள்:
"நீங்க எழுதுறதுல எங்க ஊரு வருமா?"
வரும் என்றேன்.
என்ன எண்ணாக வரும் என்று சொல்லவில்லை.
ஜெரோம் என்னைப் பார்த்தார்.
படிவத்தில் அதற்குப் பத்தி கிடையாது.

அன்றிரவு
பதினெட்டை அழித்து நாற்பத்தொன்று போட்டேன்.
பூஜ்யம் இரண்டானது.
இரண்டு குப்பியால் ஒரு காலும் பிழைக்காது.
அதனால் ஒரு வரி சேர்த்தேன்:
எந்த ஊரும் பத்துக்குக் குறையக் கூடாது.
செலவு பதினான்கு சதவீதம் கூடும் என்றது கணினி.
கூடட்டும் என்று சொல்ல
அதில் பொத்தான் இல்லை.

அந்த வரிக்கு அடிக்குறிப்பு கேட்டார் ஜெரோம்,
ஆதாரம் என்ன என்று.
உமையாள் மாதத்தின் பெயரை எழுதச் சொன்னாள்.
நான் இரண்டு பக்கம் எழுதினேன்.
அவள் சொன்னதே போதும் போலிருந்தது.

மறு ஐப்பசி. மழை. கலுங்கு பாய்ந்தது.
மருதேந்தலில் யாரையும் எதுவும் கடிக்கவில்லை.
அதற்கடுத்த ஐப்பசியிலும்.

தேதி முடிந்து, மூடி திறக்காமல்
பத்தும் திரும்பி வந்தன.
இழப்பு என்ற கட்டத்தில் பத்து என்று எழுதினேன்.
கீழேயே புதுப் பத்துக்குச் சீட்டு எழுதினேன்.
சேவுகப்பெருமாள்
வண்டியை அணைக்காமல் நின்றிருந்தார்.